முன்னிலைப் பெண்பால்

ஜூன் 17, திங்கள்

கல்லூரி திறந்தது. முதுநிலை இறையியலுக்கு இந்த வருடம் ஐந்து பேர். எல்லோரும் ஏற்கெனவே சபைகளில் குருவானவர்களாக இருப்பவர்கள். பேராயரின் கீழுள்ள அவரவர் திருமண்டலம் படிக்க அனுப்பியிருக்கிறது. நான்கு பேர் முப்பதுகளில் இருக்கிறார்கள். ஐந்தாமவர் மனாசே தங்கையா. ஐம்பத்து மூன்று வயது. நெல்லைப் பக்கம் பல சபைகள் சேர்ந்த பெரிய சேகரம் ஒன்றின் தலைவர். என் சொந்தத் திருமண்டலம்தான்.

முதல்வர் என்னை அறிமுகப்படுத்தினார். "டாக்டர் சுகிர்தா. எபிரேயமும் வேத விளக்கமும் இவங்க பொறுப்பு. பார்க்க அமைதியா இருப்பாங்க, நம்பிடாதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மனாசே ஐயா கை கூப்பினார். நானும் கூப்பினேன்.

குடியிருப்பில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. எலக்ட்ரீஷியன் நாளை வருவதாகச் சொன்னார். இரவுச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 19, புதன்

மோட்டார் சரியாகிவிட்டது. சிறுமலையிலிருந்து இறங்கிய குரங்குகள் மாடியில் காயவைத்த மோர்மிளகாயைத் தூக்கிக்கொண்டு போய், கடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி எறிந்திருக்கின்றன.

ஜூன் 28, வெள்ளி

எபிரேயம் இரண்டாம் வாரம். முன்னிலைச் சொற்கள். தமிழில் எதிரே இருப்பவர் யாரானாலும் 'நீ' ஒன்றுதான். 'வந்தாய்' என்றால் வந்தது ஆணா பெண்ணா என்று தெரியாது. எபிரேயத்தில் ஆணுக்கு ஒரு 'நீ', பெண்ணுக்கு வேறொரு 'நீ'. வினைமுற்றும் அதற்கேற்ப மாறும். பயிற்சி வாக்கியங்கள் கொடுத்தேன். மனாசே ஐயா எல்லாவற்றுக்கும் ஆண்பால் முடிவையே போட்டிருந்தார்.

"இந்த வாக்கியம் ஒரு பொண்ணுகிட்ட பேசுறது ஐயா" என்றேன்.

"பொதுவா எழுதிட்டேன் மேடம்."

"இந்த இடத்தில பொதுன்னு ஒண்ணு கிடையாது. நீங்க ஆம்பளைக்கு எழுதியிருக்கீங்க."

"கை அப்படியே பழகிட்டு. மாத்திக்கிடுதேன்."

வகுப்பு முடிந்ததும் தன் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டார். மறக்கச் செய்கிறவர் என்று சொன்னேன். "எங்கம்மா ஏதோ நல்ல பேருன்னு நெனச்சு வச்சிருக்கா" என்று சிரித்தார். கெட்ட பொருள் இல்லை, துன்பத்தை மறக்கச் செய்கிறவர் என்று சொல்லியிருக்கலாம். அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

ஜூலை 11, வியாழன்

எழுதிவைத்துவிடுவது நல்லது. மனாசே ஐயாவை நான் இதற்கு முன் ஒருமுறை பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, திருமண்டல அலுவலகத்தில். குருப்பட்டத்துக்கு ஆண்கள் மட்டும் என்று விதியில் அப்போது எழுதியிருக்கவில்லை. அதனால் பெண்கள் சிலர் துணிந்து விண்ணப்பித்தோம். நேர்காணலில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களில் அவரும் ஒருவர். எங்களில் யாரையும் எடுக்கவில்லை. மறுவருடம் விதியைத் திருத்தி 'ஆண்கள்' என்ற சொல்லைச் சேர்த்துவிட்டார்கள். நான் முனைவர் படிப்புக்குப் போனேன். பிறகு இங்கே வந்தேன்.

அவருக்கு என்னை ஞாபகமில்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அதெல்லாம் எனக்கு எப்போதோ முடிந்த விஷயம். இதனால் வகுப்பில் எந்த வித்தியாசமும் வரப்போவதில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

இடைத்தேர்வுத் தாள்களைத் திருத்தி முடித்தேன். நால்வர் தேறிவிட்டார்கள். மனாசே ஐயா தேறவில்லை. அதே தவறு: பெண்பால் வரவேண்டிய இடத்திலெல்லாம் ஆண்பால்.

முதல்வர் மாலையில் அழைத்தார். இடைத்தேர்வில் தவறியவரைக் கல்லூரி திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. "வயசான மனுஷன். சபையில நல்ல பேரு. கொஞ்சம் பார்த்துப் போட முடியுமா?" என்றார்.

"எல்லாருக்கும் ஒரே அளவுகோல்தான் சார்" என்றேன்.

"அதுக்கில்ல. நம்ம நியூட்டன் சாரையும் தாளை ஒரு தடவை பார்க்கச் சொல்றேன். உங்க மார்க்கை மறைச்சே கொடுக்கிறேன்."

எனக்கு ஆட்சேபணை இல்லை என்றேன்.

ஆகஸ்ட் 24, சனி

கிரேக்கம் நடத்தும் நியூட்டன் சார் தாளைத் திருப்பித் தந்தார். நன்றாகவே தேறியிருக்கிறார் என்கிறார். நியூட்டன் தாராளமானவர்.

ஆகஸ்ட் 26, திங்கள்

நான் திருத்திய தாளையும் நியூட்டன் திருத்திய நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே தவறு திரும்பத் திரும்ப வந்தால் நியூட்டன் ஒருமுறை மட்டும் குறைத்திருக்கிறார். நான் ஒவ்வொரு இடத்திலும் குறைத்திருக்கிறேன். மற்ற நால்வரின் தாள்களையும் எடுத்துப் பார்த்தேன். அவற்றில் நானும் ஒருமுறைதான் குறைத்திருக்கிறேன்.

நியூட்டன் போட்டதையே பதிந்துவிட்டேன். கண்ணை ஒருமுறை காட்டிவிட்டு வர வேண்டும். படிக்கும் கண்ணாடி போதவில்லை.

செப்டம்பர் 18, புதன்

கல்லூரி மெஸ்ஸில் சமைக்கும் பாக்கியத்தின் கணவர் நேற்று இறந்துபோனார். மதியம் எல்லோரும் அவள் வீட்டுக்குப் போனோம். இளைய குருவானவர் ஒருவர் நின்றபடி நீண்ட ஜெபம் செய்தார். மொழி அழகாக இருந்தது. பாக்கியம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனாசே ஐயா பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். ஜெபம் முடிந்து கூட்டம் கலைந்ததும் மெதுவாக நகர்ந்து அவள் அருகே போனார். "என்னம்மா சாப்பிட்ட?" என்று கேட்டார். "ஒரு வாய் காப்பியாவது குடிம்மா. நான் பக்கத்துல இருக்கேன்." டம்ளரை அவர் கையிலேயே வைத்திருந்தார். ஆறியதும் இன்னொன்று வாங்கிவரச் சொன்னார். இரண்டாவது டம்ளரை அவள் குடித்தாள். குடித்த பிறகுதான் அழுதாள்.

எப்சிபா என் பக்கத்தில் இருந்தாள். இறுதியாண்டு இளநிலை மாணவி. அதே திருமண்டலத்தில் ஆறு வருடம் பெண் ஊழியராக இருந்துவிட்டு வந்தவள். "இதை யாரு மேடம் பாடத்திட்டத்துல சேர்ப்பா?" என்று காதருகே கேட்டாள்.

அந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது. அதுதான் தொந்தரவு.

அக்டோபர் 7, திங்கள்

மழை. தேவாலயக் கூரையில் மூன்றாவது இடத்திலும் ஒழுகுகிறது. ஆராதனைக்கு வாளி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

மனாசே ஐயா ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு எடுத்துவந்தார். எபிரேயக் கட்டுரை என்பதால் நான்தான் வழிகாட்டி. அவர் எடுத்த பகுதி: பிள்ளையில்லாத ஒரு பெண் ஆலயத்தில் நின்று ஜெபிக்கிறாள், உதடு மட்டும் அசைகிறது, சத்தம் வரவில்லை. வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆசாரியர் அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்து அதட்டுகிறார்.

"தாய்மார் கூட்டத்துல இதை எத்தனையோ தடவை பிரசங்கம் பண்ணியிருக்கேன் மேடம். எப்பவும் அந்தப் பொண்ணோட விசுவாசத்தப் பத்தியே பேசியிருக்கேன். இந்தத் தடவை ஆசாரியரப் பாப்போம்னு இருக்கு."

"ஏன்?"

"தெரியல. அவர் உக்காந்திருக்க நாற்காலியப் பாத்தா எனக்குப் பழக்கப்பட்டதா இருக்கு."

தலைப்புக்கு ஒப்புதல் கொடுத்தேன்.

அக்டோபர் 30, புதன்

புதுக் கண்ணாடி வந்தது. தரை உயரமாகத் தெரிகிறது.

நவம்பர் 13, புதன்

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலை பத்தரைக்கு மனாசே ஐயா கட்டுரையின் முதல் பகுதியுடன் என் அறைக்கு வந்தார். நான்கு வசனத்துக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது அவருக்கு. "முப்பது வருசம் அரை மணி நேரத்துல தயார் பண்ணிக் குடுத்தது" என்றார். பெண்பால் முடிவுகள் எல்லாம் சரியாக இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் கோடு போட்டிருந்தார், குழந்தைகள் போடுவதுபோல.

"மேடம், அந்த ஆசாரியர் அவ வாயையே பாத்துட்டு இருக்காரு. வாயப் பாத்தாரு, அவளப் பாக்கல. அவ தன் துக்கத்தச் சொன்னதுக்கு அப்புறம் நல்ல வார்த்த சொல்லி அனுப்பிடுதாரு. 'தப்பா நெனச்சுட்டேம்மா'ன்னு ஒரு வார்த்த சொல்லுதாரான்னு மூலத்துல தேடித்தேடிப் பாத்தேன்."

"இல்லை" என்றேன்.

"இல்ல. ஆசாரியர்மாருக்கு அந்தப் பழக்கம் கெடையாது போல."

கட்டுரைத் தாள்களை அடுக்கினார். பிறகு தானாகவே பேச ஆரம்பித்தார்.

"நான் ஒரு வருசம் தேர்வுக்குழுவுல இருந்தேன் மேடம். குருப்பட்டத்துக்குப் பொம்பளப் பிள்ளைய மூணு நாலு பேரு வந்திருந்தாவ. எல்லார்ட்டயும் ஒரே கேள்விதான் கேட்டேன். 'ராத்திரி பத்து மணிக்கு மேல சாவு வீட்டுல இருந்து கூப்புட்டா தனியா எப்படிம்மா போவிய?' அக்கறையாத்தான் கேட்டேன். நல்ல கேள்வின்னு மத்தவங்களும் தலையாட்டினாவ. அதுக்கு மேல யாரும் ஒண்ணும் கேக்கல. அந்த ஒரு கேள்வியோட எல்லாரையும் அனுப்பிட்டோம்."

"அவங்க என்ன பதில் சொன்னாங்க?"

"ஞாபகமில்ல மேடம். பதிலக் கேட்டிருந்தாத்தான ஞாபகம் இருக்கும். நானும் வாயத்தான் பாத்திருக்கேன்."

"முகம்?"

"இல்ல." விரலை மடக்கி ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். "ஒண்ணுகூட இல்ல."

அடிக்குறிப்புகளைத் திருத்த வேண்டும் என்று சொன்னேன். மேற்கோள் நூல்களை அகர வரிசையில் எழுதச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டு கிளம்பினார்.

நான் சொன்ன பதில் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "நீங்க எப்படிப் போவீங்களோ அப்படித்தான் ஐயா. கூப்பிட வந்தவங்களோட."

மதிய வகுப்பு நன்றாக நடந்தது.

டிசம்பர் 3, செவ்வாய்

ஜனவரியில் திருமண்டலப் பெருமன்றம் கூடுகிறது. விதியிலிருந்து 'ஆண்கள்' என்ற சொல்லை நீக்க ஒரு தீர்மானம் வருகிறதாம். எப்சிபா மூச்சு வாங்க ஓடிவந்து சொன்னாள். மனாசே ஐயா பெருமன்ற உறுப்பினர். அவர் பேச்சுக்கு அங்கே மதிப்புண்டு.

"தீர்மானம் நிறைவேறிச்சுன்னா நீங்களும் விண்ணப்பிப்பீங்கல்லா மேடம்?"

எப்சிபாவுக்கு என் பழைய கதை தெரியும். பெண் ஊழியர்கள் நடுவே அது இன்னும் பேசப்படுகிறதாம்.

"எனக்கு இங்க வேலை சரியா இருக்கு" என்றேன்.

"நீங்க இல்லன்னு சொல்லலையே."

"போய்ப் படி."

அவள் போகவில்லை. "மனாசே ஐயாகிட்ட சொல்லட்டுமா? அந்தப் பொண்ணுகள்ல ஒருத்தர் நீங்கன்னு? அவருக்குத் தெரிஞ்சா உயிரக் குடுத்துப் பேசுவாரு."

"சொல்லக் கூடாது. எனக்கு வாக்குக் கொடு."

கொடுத்தாள், மனமில்லாமல்.

தெரிந்தால் அவர் எனக்காகப் பேசுவார். ஒரு ஆளுக்காகப் பேசுகிறவரை அந்த மன்றம் ஐந்து நிமிடத்தில் உட்கார வைத்துவிடும். அந்தப் பகுதியைப் படித்ததற்காக அவர் பேசட்டும். பேசாவிட்டாலும் அது அவர் படித்ததைப் பொறுத்ததாக இருக்கட்டும். இதுதான் காரணம். வேறு காரணம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

டிசம்பர் 21, சனி

விடுமுறை. விடுதி காலி. வெயில் நன்றாக இருந்ததால் பெட்டியில் இருந்த துணிகளை எடுத்து உலர்த்தினேன். பன்னிரண்டு வருடமாக அடியில் கிடந்த வெள்ளைப் புடவை மடிப்புகளில் மஞ்சளாகிவிட்டது. எலுமிச்சையும் உப்பும் போட்டு அலசினேன். ஓரளவு போயிருக்கிறது.

ஜனவரி 20, திங்கள்

மனாசே ஐயா பெருமன்றத்துக்குக் கிளம்பினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் அறை வாசலில் நின்றார்.

"இந்தத் தடவை என்னைத் திருமண்டலச் செயலாளரா நிறுத்தணும்னு இருக்காவ மேடம். பொண்ணுக விசயத்துல மட்டும் வாயத் தொறக்காத, ரெண்டு நாள் சும்மா இருன்னு சொல்லுதாவ."

"நீங்க என்ன செய்யப் போறீங்க?"

"சத்தியமாத் தெரியல. பஸ்ல யோசிக்கணும். ஜெபம் பண்ணிக்கிடுங்க."

பண்ணினேன். நீளமாக அல்ல.

ஜனவரி 22, புதன்

செய்தி இல்லை. போனை மேசைமேல் வைத்துக்கொண்டே வகுப்பு எடுத்தேன். மாணவர்களுக்கு அதற்கு அனுமதி கிடையாது.

ஜனவரி 24, வெள்ளி

அவர் திரும்பி வந்தபோது நூலக வாசலில் ஒரு கூட்டமே கூடிவிட்டது. தொண்டை கட்டிப்போயிருந்தது. முகம் மட்டும் பத்து வயது குறைந்ததுபோல் இருந்தது.

"பேசிட்டேன் மேடம். அந்த ஆசாரியரத்தான் சொன்னேன். நான் கேட்ட கேள்வியையும் சொன்னேன். உக்காரு உக்காருன்னு சத்தம் போட்டாவ. உக்காரல."

"அப்புறம்?"

"ஓட்டுக்கு விட்டா தோத்துரும்னு தெரிஞ்சுபோச்சு. அப்ப எதிர்த்தவங்கள்ல ஒருத்தர் என்கிட்ட வந்து, பொண்ணுகளுக்கு நாப்பது வயசு வரம்பு போட்டா நாங்க ஒத்துக்கிடுதோம்னாரு. ஆம்பளைகளுக்கு இல்லாத வரம்பு இவங்களுக்கு எதுக்குன்னு கேட்டேன். இதுவாவது வேணுமா, ஒண்ணுமே வேண்டாமான்னாரு. வரப்போறது எல்லாம் எப்சிபா மாதிரி சின்னப் பிள்ளையதான, நாப்பதுக்கு மேல யாரு வரப்போறான்னு நெனச்சு ஒத்துக்கிட்டேன். அந்தத் திருத்தத்த நானேதான் எந்திரிச்சு முன்மொழிஞ்சேன். நிறைவேறிட்டு மேடம்."

மாணவர்கள் கைதட்டினார்கள். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பில் விடை சொல்லிவிட்டுப் பார்ப்பாரே, அப்படி.

"நல்லது ஐயா" என்றேன். "ரொம்ப நல்ல காரியம் பண்ணியிருக்கீங்க."

எப்சிபா அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

எனக்கு நாற்பத்தாறு.

ஜனவரி 25, சனி

வீட்டில் உள்ள எல்லாத் திரைச்சீலைகளையும் துவைத்தேன். மின்விசிறிகளைத் துடைத்தேன். சமையலறை டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்தேன். மிக்ஸியின் அடியில் எவ்வளவு அழுக்கு சேர்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. முழங்கால் வலி.

பிப்ரவரி 4, செவ்வாய்

எப்சிபா வாக்கைக் காப்பாற்றவில்லை.

நான்கு மணிக்கு மனாசே ஐயா வந்தார். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"எப்சிபா சொன்னா. அந்தப் பிள்ளையள்ல ஒருத்தர் நீங்கன்னு."

"ஆமா."

"எப்ப இருந்து தெரியும் மேடம், நான் யாருன்னு?"

"முதல் நாளே."

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே யாரோ பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அந்தக் கேள்வியப் பத்தி உங்க முன்னாலயே உக்காந்து சொன்னேன். அப்பகூட நீங்க ஒண்ணும் சொல்லலியே."

"அடிக்குறிப்பைத் திருத்தச் சொன்னேன்."

"கிளம்பும்போதாவது சொல்லியிருக்கலாம்லா. சொல்லியிருந்தா அந்த வரம்புக்கு ஒத்துக்கிட்டிருக்கவே மாட்டேன்."

"அதுக்காகத்தான் சொல்லலைன்னு சொல்லலாம். ஆனா அது உண்மையில்லை. இப்படி ஒரு வரம்பு வரும்னு எனக்கும் தெரியாது." என் குரல் வகுப்பில் பேசுவதுபோலவே இருந்தது. அதைக் கேட்டு எனக்கே எரிச்சலாக வந்தது. "தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்னுதான் நினைக்கிறேன். நீங்க ஒத்துக்கலைன்னா தீர்மானம் தோத்திருக்கும். எப்சிபாவும் என்னை மாதிரி காத்துக்கிட்டே இருந்திருப்பா."

"நீங்க காத்துக்கிட்டு இருந்தீங்களா மேடம்?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. மேசைமேல் இருந்த தாள்களை ஒழுங்குபடுத்தினேன். அவை ஏற்கெனவே ஒழுங்காகத்தான் இருந்தன.

"ஆமா" என்றேன்.

அவர் கையைக் கட்டிக்கொண்டார். எங்கள் ஊர்ப் பக்கம் சிறியவர்கள் பெரியவர்கள் முன்னால் அப்படித்தான் நிற்பார்கள்.

"நான் உங்களத் தப்பா நெனச்சுட்டேன். அன்னைக்கும் உங்களப் பாக்கல. இந்தத் தடவையும் பாக்கல. என்ன மன்னிக்கணும்."

மன்னித்தேன் என்று சொல்லுவதுதான் முறை. வருடக்கணக்காக மன்னிப்பைப் பற்றி வகுப்பு எடுக்கிறேன்.

"எனக்குக் கோபம் இருக்கு ஐயா. இல்லைன்னு சொன்னா நீங்க நம்பிடுவீங்க. அதனாலதான் சொல்றேன்."

"இருக்கட்டும் மேடம். அவசரப்பட்டு விட்டுராதீங்க." வாசல் வரை போய்த் திரும்பி, "நாளைக்கு நான் வகுப்புக்கு வரலாமா?" என்று கேட்டார்.

"எட்டரைக்கு. பாடத்தைத் தயார் பண்ணிட்டு வாங்க."

அவர் போன பிறகு ஆகஸ்ட் மாதத்து விடைத்தாளின் ஞாபகம் வந்தது. கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று எழுந்தேன். சொல்லவில்லை.

பிப்ரவரி 5, புதன்

வந்தார். தயார் செய்திருந்தார். ஐந்து வாக்கியத்தில் இரண்டு தவறு. குறித்தேன்.

பிப்ரவரி 6, வியாழன்

எப்சிபா மூன்று நாளாக என் கண்ணில் படாமல் சுற்றுகிறாள். மெஸ்ஸில் பிடித்தேன். "வாக்கு மீறினதுக்கு என்ன தண்டனை மேடம்?" என்றாள். என் தட்டிலிருந்த அப்பளத்தை அவள் தட்டில் வைத்தேன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இந்தப் பிள்ளை எதற்கெடுத்தாலும் அழுகிறது. சாவு வீடுகளில் என்ன செய்யப் போகிறதோ.

மார்ச் 11, செவ்வாய்

மனாசே ஐயாவைச் செயலாளராக நிறுத்தவில்லை. அதோடு விடவில்லை. அவர் படிக்கும் காலத்திலும் அவரிடமே இருக்கும் என்று சொல்லியிருந்த பெரிய சேகரத்தை எடுத்துவிட்டார்கள். படித்து முடித்ததும் உப்பளங்களுக்கு நடுவே உள்ள ஒரு சின்ன சபைக்குப் போக வேண்டும். அவர் மனைவி மே மாதம் வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம்.

"வருத்தமா இருக்கா?" என்று கேட்டேன்.

"அவளுக்கு இருக்கு. பதினோரு வருசம் போட்ட தோட்டம். எனக்கு அவளப் பாத்துத்தான் வருத்தம்." பிறகு, "பேராயருக்கு எழுதிட்டேன் மேடம். அந்த வரம்ப எடுக்கணும்னு. நான் போட்டத நானே எடுக்கச் சொல்லி எழுதினா சிரிக்கத்தான் செய்வாவ."

"பதில் வந்ததா?"

"அடுத்த பெருமன்றம் மூணு வருசம் கழிச்சு. அதுல வைக்கலாம்னு போட்டிருக்காரு."

மூன்று வருடத்தில் எனக்கு நாற்பத்தொன்பது. அவருக்கும் அந்தக் கணக்குத் தெரியும். இரண்டு பேரும் அதைப் பேசவில்லை. அவர் கட்டுரையின் கடைசிப் பகுதியை எடுத்தார். நான் பென்சிலை எடுத்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

எப்சிபாவைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். திருமண்டலத்தின் முதல் பெண் குருவானவர். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு குருப்பட்டம். அன்றைக்கு யார் பிரசங்கம் செய்ய வேண்டும் என்று கேட்டார்களாம். என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். பேராயரும் சம்மதித்துவிட்டாராம்.

"உன்னை எந்தக் கேள்வி கேட்டாங்க நேர்காணல்ல?"

"எனக்குப் பைக் ஓட்டத் தெரியுமான்னு கேட்டாங்க மேடம்."

"தெரியுமா?"

"புல்லட் ஓட்டுவேன்னு சொன்னேன். பொய்தான். இனிமேல்தான் பழகணும்."

ஏப்ரல் 25, வெள்ளி

பிரசங்கம் எட்டுப் பக்கம் வந்திருக்கிறது. வெட்ட வேண்டும். நியூட்டன் சாரிடம் தேர்வறை மேற்பார்வையைக் கொடுத்துவிட்டேன். நாளை மதியம் பஸ்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஊரில் அக்கா வீட்டிலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்திருக்கிறார்கள்.

பேராலயம் நிறைந்து வெளியே பந்தலிலும் கூட்டம். வெள்ளை அங்கியில் எப்சிபா ரொம்பவும் சின்னப்பெண்ணாகத் தெரிந்தாள். அவள் அம்மா முதல் வரிசையில் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தார். தன் மகளைவிட அவர் குறைவாகத்தான் அழுதார்.

எட்டுப் பக்கத்தில் இரண்டைத்தான் பேசினேன். மேலே போக முடியவில்லை. ஊழியக்காரர் முதலில் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும், பிறகு கேட்க, பேசுவது அதற்கும் பிறகு என்று சொன்னேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது என்றும் சொல்லிவிட்டு, பிரசங்க பீடத்துக்குப் பின்னால் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பிறகு கை வைக்கும் நேரம் வந்தது. எப்சிபா பலிபீடத்தின் முன் முழங்காலிட்டாள். பேராயர் அவள் தலைமேல் கை வைக்க, வந்திருந்த குருவானவர்கள் எல்லோரும் எழுந்துபோய் அவளைச் சுற்றி நின்று தாங்களும் கை வைப்பார்கள். குருப்பட்டம் பெற்றவர்களுக்கு மட்டுமே அந்த உரிமை. வெள்ளை அங்கிகள் வட்டமாக நெருங்கின. அவள் மறைந்துபோனாள்.

மனாசே ஐயா என் பக்கமாக, வட்டத்தின் ஓரத்தில் நின்றார். கையை நீட்டி வைத்தார். பிறகு ஓர் எட்டு விலகினார். அவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விழுந்தது. அதன் வழியாக எப்சிபாவின் உச்சி வகிடு எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த இளையவர் இடைவெளியை நிரப்ப நகர்ந்தார். மனாசே ஐயா முழங்கையை மடக்கவில்லை. இளையவர் நின்றுவிட்டார்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து கண்ணை மூடியிருந்தார். பேராயர் ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். சபை முழுவதும் குனிந்திருந்தது. நான் மட்டும்தான் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன்.

படியிறங்கியது எனக்கு ஞாபகமில்லை. அந்த இடத்தில் நின்றேன். கையை வைத்தேன். எப்சிபாவின் தலை சூடாக இருந்தது.

பேராயர் கண்ணைத் திறந்தார். வெள்ளை அங்கிக் கைகளுக்கு நடுவே கைக்கடிகாரம் கட்டிய என் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். வாக்கியம் பாதியில் நின்றது. கோயிலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நான் கையை எடுக்கவில்லை.

அவர் விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தார்.